பெயரில் மறையும் சூது

எங்கள் கல்லூரியிற் பண்டித வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற கிழமை, கட்டுரைப் போட்டி ஒன்றுக்கென எழுதிய தாள்களை என் மேசைமீது வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். இக்காலச் சிறுவரின் பொழுதுபோக்கு என்பது அக்கட்டுரையின் பொருள். நடை நன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல்லை எழுதி, வெட்டி, வேறொன்றை எழுதி, அதனையும் வெட்டியிருந்தார்.

"ஐயா, லூட் பொக்ஸ் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும்" என்றார்.

"முதலில் அஃது இன்னதென்று சொல்லும், தம்பி. பெயர் பின்னர் வரட்டும்" என்றேன்.

அவர் விளக்கினார். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களிலே ஒரு பெட்டி தோன்றும். காசு கொடுத்தால் அது திறக்கும். உள்ளே இருப்பது யாது என்பது திறக்கும்வரை தெரியாது. ஆட்டத்திற் பயன்படும் அரிய வாளோ, பேர்பெற்ற வீரனோ, ஒளிவீசும் உடையோ கிடைக்கலாம். பெரும்பாலும் கிடைப்பது முன்னரே பலமுறை கிடைத்த அற்பப் பொருள். கிடைக்காதவன் மீண்டும் காசு கொடுத்து மீண்டும் திறப்பான்.

மாணவர் முதலில் 'கொள்ளைப் பெட்டி' என எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் வைத்தால் அது சரியே. 'லூட்' என்பது ஆங்கிலத்திற் சூறைப்பொருளைக் குறிக்கும். அச்சொல்லையே ஆங்கிலேயர் இந்தியிலிருந்து கொண்டுபோயினர் என்பது வேறு கதை. "இங்கே கொள்ளையிடுபவர் யார், கொள்ளை கொடுப்பவர் யார்?" என வேடிக்கையாகக் கேட்டேன். மாணவர் சிரிக்கவில்லை. தம் இளைய சகோதரன், பதின்மூன்று வயதுப் பிள்ளை, மூன்று மாதமாகத் தாயாரின் கைத்தொலைபேசிக்கு இடப்பட்ட ரீலோட் காசு முழுவதையும் இப்பெட்டிகளுக்கே செலவிட்டான் என்றும், காசு ஏன் நிற்பதில்லை என்று தாயார் தொலைபேசியைத் திருத்துபவரிடம் இருமுறை கொண்டுசென்றார் என்றும், விசயம் வெளிப்பட்டபோது பிள்ளை அழுதுகொண்டே, "நான் சூதாடவில்லை, பெட்டிதானே திறந்தேன்" என்றான் என்றும் கூறினார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் அறிந்த பெயர் அதுவே. உலகின் பல நாடுகளில் அரசாங்கங்களும் நீதிமன்றங்களும் ஆண்டுக்கணக்காக வழக்காடி வருவதும் இப்பெயர் குறித்தே. சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோர் இவ்விடத்தில் வாய்திறத்தல் மிகையாகாது எனக் கருதியே இவ்வார ஆசிரியவுரையை இதற்கு ஒதுக்கினேன்.

இத்தகைய பெட்டிகள் 2000ஆம் ஆண்டுகளிலேயே கிழக்காசிய நாடுகளின் விளையாட்டுக்களிற் புகுந்துவிட்டன. ஆயினும் மேலைநாட்டார் இவற்றைப் பெருந்தொகையாக எதிர்த்தெழுந்தது 2017 நவம்பரில். எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனி வெளியிட்ட 'ஸ்ரார் வோர்ஸ் பற்றில்புறொன்ற் 2' என்ற விளையாட்டை முழுவிலை கொடுத்து வாங்கியவர்களுக்கும், அதிலுள்ள பெருவீரர் சிலர் பூட்டப்பட்டே கிடைத்தனர். ஒரு வீரனைத் திறக்க ஏறக்குறைய 40 மணிநேரம் ஆடவேண்டும் என ஆட்டக்காரர் கணக்கிட்டனர். மற்றையோரை முந்தவேண்டுமாயின் பெட்டி வாங்கலாம் என்பது ஏற்பாடு. எதிர்ப்பு எவ்வளவு கடுமையாயிற்று எனில், விளையாட்டு முறையாக வெளியாவதற்கு முதல்நாள், காசு பெறும் ஒழுங்கையே கொம்பனி நிறுத்திவைத்தது. ஆட்டத்திலே திறமைக்கு இருந்த இடத்தைப் பணம் பிடித்துக்கொள்கிறது என்பதே அன்று எழுந்த முறைப்பாடு. பணத்தின் இடத்தை அதிர்ஷ்டம் பிடித்துக்கொள்கிறது என்ற இரண்டாவது முறைப்பாடு அதன் பின்னரே வலுப்பெற்றது. என் கருத்தில் இரண்டாவதே பெரிது.

2018 ஏப்பிரலில் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு, மூன்று புகழ்பெற்ற விளையாட்டுக்களின் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்த்தது. ஐந்தாண்டுச் சிறையும் 8 இலட்சம் யூரோ வரையான தண்டமும் விதிக்கலாம், சிறுவர் சம்பந்தப்படின் தண்டனை இரட்டிக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆணைக்குழுவின் நியாயம் எளியது: ஆட்டம் உண்டு, பணயம் உண்டு, வெல்லலும் தோற்றலும் உண்டு, முடிவைத் தற்செயல் தீர்மானிக்கிறது. கிடைக்கும் பொருளை வெளியே காசாக்க முடியுமா என்பது கேள்வியன்று. ஆடுபவன் அதனை மதிப்புடையதாகக் கருதுகிறான் என்பதே போதும்.

அயல்நாடாகிய நெதர்லாந்தில் வழக்கு வேறுவழிச் சென்றது. அங்கே, கிடைத்த பொருளைப் பிறருக்கு விற்க இயலுமாயின் மட்டுமே சூது என்பது அதிகாரசபையின் அளவுகோல். ஆராய்ந்த பத்து விளையாட்டுக்களில் நான்கு சட்டத்தை மீறின என்றனர். உதைபந்தாட்ட வீரரின் படங்களைப் பொதிகளாக விற்கும் 'ஃபீஃபா' விளையாட்டுக்காக மேற்சொன்ன கொம்பனிக்கு 1 கோடி யூரோ வரை தண்டம் விதிக்கப்பட்டது. ஹேக் நகர நீதிமன்றம் 2020இல் அதனை ஏற்றது. 2022 மார்ச்சில் அந்நாட்டின் மேல்நிலை நிர்வாக நீதிபீடம் அதனைத் தள்ளியது. பொதி திறத்தல் தனியொரு ஆட்டம் அன்று, உதைபந்தாட்டம் என்னும் பெரிய திறமை ஆட்டத்தின் ஓர் உறுப்பே அது, ஆதலின் தனியே எடுத்துச் சூது எனல் ஆகாது என்பது தீர்ப்பு.

இத்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. தொடரினுள் வந்த சொல்லைப் பிரித்துப் பொருள்கொள்வதா, தொடரோடு சேர்த்துக் கொள்வதா என்பது உரையாசிரியர் காலந்தொட்டு நாம் பூசலிடும் விசயம். நீதிபதிகள் சேர்த்துக் கொண்டனர். அது பிழை என்று சொல்ல நான் சட்டவறிஞன் அல்லேன். ஆனால் திருவிழாக் கூட்டத்தின் மூலையில் ஒருவன் சூதுப்பலகை விரித்திருந்தால், அது திருவிழாவின் உறுப்பு என யாராவது சொல்வாரா?

பிரித்தானியச் சட்டமோ இன்னும் குறுகியது. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி, வெல்லப்படுவது பணமாகவோ பணமதிப்புள்ளதாகவோ இருத்தல் வேண்டும். விளையாட்டினுள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் பொருள் பணமதிப்புடையதன்று என ஆணைக்குழு கொண்டது. 2019இல் பாராளுமன்றக் குழுவின் முன் வந்த கொம்பனிப் பிரதிநிதி, இவற்றைப் பெட்டி என்றுகூடச் சொல்ல விரும்பவில்லை. வியப்பூட்டும் பொறிமுறைகள் என்றார். உள்ளே பொம்மை வைத்த சொக்கலேற் முட்டையை உவமையாகக் காட்டினார். அக்குழு உவமையை ஏற்கவில்லை. சூதாட்டச் சட்டத்தின்கீழ் இவற்றை அடக்குமாறு அதே ஆண்டு பரிந்துரைத்தது. 2020இல் பிரபுக்கள் சபைக் குழுவும் அவ்வாறே கூறியது. 2022இல் அரசாங்கம் சட்டத்தைத் திருத்துவதில்லை என முடிவுசெய்து, கொம்பனிகள் தாமே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் என நம்பிக் காரியத்தை அவர்கள் கையிலே விட்டது. பூனையிடம் பாற்சட்டியை ஒப்படைத்த கதை நம்மவருக்குப் புதிதன்று.

முட்டை உவமையை எள்ளி ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. என் இளமையிலும் மிட்டாய்ப் பொட்டலத்துள் நடிகர் படமும் கிரிக்கெட் வீரர் படமும் வந்தன, நாமும் வாங்கினோம், கிடைக்காத படத்துக்காக ஏங்கினோம். ஆனால் வேறுபாடு பெரிது. அந்தப் படம் கையில் இருந்தது. இரண்டு இருந்தால் ஒன்றைத் தோழனுக்குக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொண்டோம். கடை மாலையிற் பூட்டப்பட்டது. கடைக்காரர் நம் தகப்பனாரை அறிவார். நாலாம் பொட்டலம் கேட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வார். இந்தப் பெட்டியோ நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. பிள்ளை எந்நேரம் வருகிறான், எதை விரும்புகிறான், எவ்வளவு செலவிடுகிறான் என்பனவெல்லாம் விற்பவனிடம் பதிவாகின்றன. அன்றியும் காசு காசாகவே அங்கு நிற்பதில்லை. ரூபாவோ டொலரோ முதலிற் பளிங்காக மாறும். பளிங்கு வேறொரு மணியாக மாறும். மணி பெட்டியாக மாறும். பெட்டியின் விலை என்ன என்று கேட்டால் மூன்று பெருக்கல் வகுத்தல் செய்தல்லாது சொல்லவியலாது. 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் விளையாட்டின் உரிமையாளர்மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றங்களில் இதுவும் ஒன்று. 2025 சனவரியில் 2 கோடி டொலர் செலுத்தவும், பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி இப்பெட்டிகளை விற்காதிருக்கவும் அக்கொம்பனி இணங்கியது.

ஏன் பிள்ளை மீண்டும் மீண்டும் திறக்கிறான்? பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் 1957இல் நூலாக வந்தன. குறித்த எண்ணிக்கை கொத்தினால் தானியம் கிடைக்கும் என்றிருந்தால், புறா தானியம் பெற்றதும் சற்று ஓய்கிறது. எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்பது நிச்சயமில்லாதபோது அது ஓய்வதில்லை. தானியத்தை முழுவதும் நிறுத்தியபின்னும் நெடுநேரம் கொத்துகிறது. சூதாட்ட யந்திரம் இவ்விதியிலேதான் ஓடுகிறது, பெட்டியும் அவ்வாறே. 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் 7,422 ஆட்டக்காரரை வினவி வெளியிட்ட ஆய்வு, சூதாட்டத்தால் துன்புறும் தன்மை எவரிடம் அதிகமோ அவரே இப்பெட்டிகளுக்கு அதிகம் செலவிடுகின்றனர் எனக் காட்டியது. பெட்டி அவரைச் சூதராக்கிற்றா, சூதர் பெட்டியை நாடினரா என்பது அதனால் விளங்கவில்லை என்று கொம்பனிகளுக்காகப் பேசுவோர் கூறுவர். உண்மை. ஆயினும் முன்னது உண்மையாயின் அவர்கள் நோயை உண்டாக்குகின்றனர்; பின்னது உண்மையாயின் நோயாளியிடம் பணம் பறிக்கின்றனர். எதனைத் தெரிந்துகொள்வார்களோ!

மாணவரின் தம்பியைக் காணவேண்டும் என விரும்பினேன். மறுநாள் அழைத்துவந்தார். மெலிந்த, கண்களில் அறிவு துலங்கும் பிள்ளை. அவன் தேடியது ஒரு வீரனுடைய உடை. நூறு பெட்டியில் ஒன்றில் அஃது உண்டு என அவன் அறிந்திருந்தான். ஆகவே நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. எங்கள் கணித ஆசிரியரை அழைத்தேன். அவர் ஒரு துணிப்பைக்குள் தொண்ணூற்றொன்பது புளியங்கொட்டையும் ஒரு மஞ்சாடியும் இட்டார். பாராது ஒன்றை எடு, புளியங்கொட்டையாயின் திரும்பப் போடு, குலுக்கு, மீண்டும் எடு. இதுவே ஆட்டம். பிள்ளை எடுக்கத் தொடங்கினான். கரும்பலகையிலே கோடுகள் நிறைந்தன. நூறு தாண்டிற்று. மணி அடித்தபோது நூற்று நாற்பது. மஞ்சாடி வரவில்லை.

"சேர், பைக்குள்ளே மஞ்சாடி இருக்குதா?" என்று கேட்டான் பிள்ளை.

கணித ஆசிரியர் பையை மேசைமேற் கவிழ்த்தார். சிவப்பு விதை உருண்டு வந்து நின்றது. பின்னர் கணக்கைப் போட்டுக் காட்டினார்: நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், அவர்களில் ஏறக்குறைய 37 பேருக்கு அந்த உடை ஒருமுறைகூடக் கிடையாது. ஏற்கெனவே திறந்த பெட்டிகளை அடுத்த பெட்டி நினைவில் வைத்திருப்பதில்லை.

பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் கொரியாவிலும் கேட்டனர். அங்கே பையைக் கவிழ்க்கப் பல ஆண்டு சென்றது. நெக்ஸன் என்னும் கொம்பனியின் 'மேப்பிள் ஸ்ரோரி' விளையாட்டில் 'கியூப்' எனும் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால், ஆயுதங்களுக்குப் புதிய ஆற்றல்கள் தற்செயலாகக் கிடைக்கும். ஆட்டக்காரர் மிக விரும்பிய சில ஆற்றற் சேர்க்கைகள் எக்காலத்தும் வராதவாறு 2011இல் அக்கொம்பனி மாற்றியமைத்தது என்றும், அதனை ஆட்டக்காரருக்குச் சொல்லவில்லை என்றும் கொரிய நியாய வர்த்தக ஆணைக்குழு கண்டறிந்தது. வாய்ப்பு நூற்றில் ஒன்றும் அன்று, இலட்சத்தில் ஒன்றும் அன்று, சுழியம். பையில் மஞ்சாடியே இல்லை. 2024 சனவரியில் ஏறக்குறைய 1,160 கோடி வொன் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் முதல், வாய்ப்பின் அளவை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது அந்நாட்டிற் சட்டமாயிற்று. சீனாவில் அவ்விதி 2017 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது.

பாரதத்துச் சூதை நினையாதிருக்க முடியவில்லை. தருமன் தோற்றதற்கு அவன் பித்து ஒரு காரணமாயின், காய் சகுனியின் கையில் இருந்தது மற்றொரு காரணம். ஆயினும் தருமன் அறிந்து புகுந்தான். விதுரன் தடுத்தான், அவையோர் சூழ இருந்தனர், எதிரே அமர்ந்தவன் முகம் தெரிந்தது, நடப்பது சூது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இங்கே காயும் பலகையும் கணக்கும் விற்பவன் கையில். முகம் இல்லை. அவை இல்லை. விதுரனாக நிற்கவேண்டிய தாயார் தொலைபேசி பழுது என எண்ணிக் கடைக்குப் போகிறார்.

யப்பானியரின் அனுபவமும் ஈண்டுக் கூறத்தக்கது. காசு போட்டுத் திருகினால் உருண்டையுள் பொம்மை விழும் யந்திரத்தின் பெயரால் அவர்கள் இவ்வியாபாரத்தைக் 'கச்சா' என்பர். அதன் கொடிய வகை ஒன்று இருந்தது: தற்செயலாக விழும் பல பொருள்களை முழுத்தொகுதியாகச் சேர்த்தால் மட்டுமே பெரும்பரிசு. பத்துப் பொருளும் சமவாய்ப்புடையன எனக் கொண்டாலும், பத்தையும் சேர்க்கச் சராசரியாக 29 முறை திருகவேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டுமே அவற்றிற் பத்து. ஒன்பதைச் சேர்த்தவன் விட்டுப்போக மனம் வருமா? இவ்வகை சட்டத்துக்கு மாறானது என 2012 மே மாதத்தில் அந்நாட்டு நுகர்வோர் முகவரகம் அறிவித்தது. சூதுச் சட்டத்தை அவர்கள் தொடவே இல்லை; நேர்மையற்ற பரிசுகளைத் தடுக்கும் வர்த்தகச் சட்டத்தாலேயே காரியத்தை முடித்தனர். ஆனால் மற்றைய கச்சா இன்றும் அங்கே பெருவியாபாரம்.

மாணவர் இரண்டாவதாக எழுதி வெட்டிய சொல் 'பரிசுப் பெட்டி'. இதனையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பரிசில் என்பது நம் பழைய இலக்கியத்தில் எவ்வளவு மானம் செறிந்த சொல்! அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் கொள்ள மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவாயினும் இனிது, அறியாது கொடுப்பதைப் பெறத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. தருபவன் பெறுபவனை அறிதலே பரிசிலின் உயிர். பெட்டியைத் தருபவன் பெறுபவனை அறிந்திருக்கிறான் என்பதென்னவோ மெய். அந்த அறிவு எதற்குப் பயன்படுகிறது என்பதே வேறுபாடு. காசு கொடுத்துப் பெறும் ஒன்றைப் பரிசு எனல் தமிழுக்குச் செய்யும் பிழை.

வள்ளுவர் சூதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். அவ்வதிகாரம் தோல்வியைப் பழிப்பதோடு நில்லாமல், வெற்றியையே தூண்டில் இரையாகக் காட்டித் தொடங்குகிறது. வென்ற பொருளுக்குப் பணமதிப்பில்லை, ஆகவே சூதில்லை என்ற பிரித்தானிய வாதத்துக்கு இதைவிடத் தக்க மறுமொழி நான் அறியேன். லொத்தர்ச் சீட்டு வாங்கியவனுக்கு ஆயிரத்தில் ஒருமுறையாவது கையிற் காசு வரும். இங்கே வென்றவனும் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வெல்வதே வீண் என்பது சூதின் குற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா?

சட்டம் எழுதிவிட்டால் எல்லாம் தீரும் என நான் கருதவில்லை. துணிந்து தடைசெய்த பெல்ஜியத்திலேயே, 2022இல் வெளியான ஓராய்வின்படி, ஐபோனில் அதிகம் பணமீட்டிய நூறு விளையாட்டுக்களில் 82இல் இப்பெட்டிகள் இருந்தன. ஆணைக்குழு பெயர் சூட்டியது. பின்தொடர்ந்து பார்க்க ஆள் இல்லை. அவுஸ்திரேலியா 2024 செப்ரெம்பரிலிருந்து இத்தகைய விளையாட்டுக்களுக்கு வயதுத் தரம் குறித்துவருகிறது. பிரேசில் 2025இல் சிறுவர் விளையாட்டுக்களில் இவற்றை விலக்கச் சட்டம் செய்தது. இவை நல்ல தொடக்கங்கள். வாய்ப்பின் அளவும், உள்நாட்டுக் காசில் உண்மை விலையும் பெட்டியின் முகத்திலேயே எழுதப்படவேண்டும். சிறுவருக்கு விற்றலே கூடாது. இவ்விரண்டும் என் விருப்பம். அதுவரை, நம் பாடசாலைகளில் நிகழ்தகவு என்னும் பாடம் நாணயம் சுண்டுவதோடும் தாயக்கட்டை உருட்டுவதோடும் நிற்கிறதே, அதனைப் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசிவரை கொண்டுபோகக் கணித ஆசிரியர்கள் மனம் வைக்கலாம். ஒரு துணிப்பையும் ஒருபிடி புளியங்கொட்டையும் போதும்.

போகும்போது அந்தப் பிள்ளையிடம், "இது சூது என்று முன்னரே யாராவது சொல்லியிருந்தால் திறந்திருப்பாயா?" எனக் கேட்டேன். சற்று யோசித்தான். "திறந்திருப்பன் போல, ஐயா. ஆனால் ரீலோட் காசிலே திறந்திருக்கமாட்டன், அது சூதென்றால் அம்மாவின் காசு என்று நினைவு வந்திருக்கும்" என்றான்.

தமையனார் கட்டுரையைத் திருத்தி நேற்றுக் கொண்டுவந்தார். வெட்டிய இடத்தில் 'சூது பெட்டி' என்று எழுதியிருந்தார். ஒற்று மிகவேண்டும் எனச் சிவப்பு மையால் ஒரு 'ப்' இட்டுக் கொடுத்தேன்.